ஐந்தாம் எண் பாட்டில்

சோலைமுத்து குடிக்க மாட்டான். அதனாலேயே ஒயின் அறைச் சாவி அவனிடம் இருந்தது. மகள் பிறந்தபோது பழனிக்கு நேர்ந்துகொண்டது அது: ஒரு சொட்டு உள்ளே இறங்காது. வாய் வரைக்கும் போவதைப் பற்றி முருகனிடம் அவன் பேசவில்லை. முருகனும் கேட்கவில்லை.

அரபு அமீரகத்துப் புஜைராவில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் அவனுக்குப் பதினோரு வருட சர்வீஸ். முதல் மூன்று வருடம் நீச்சல் குளத்தருகே துண்டு மடித்தான். பிறகு மினிபார் டூட்டி. அறை அறையாகப் போய்க் குட்டி ஃபிரிட்ஜைத் திறந்து, தங்கியவர்கள் எதைக் குடித்தார்கள் என்று பார்த்து, குறைந்ததை நிரப்பிவிட்டு வர வேண்டும். அந்த வேலையில்தான் அவனுடைய மூக்கு வெளியே தெரிய வந்தது. ஓட்டலுக்கு வருகிறவர்களில் சில கனவான்கள் உண்டு. குட்டி விஸ்கி பாட்டிலைக் காலி செய்துவிட்டு அதில் கட்டன் சாயாவை ஊற்றி, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நிறம் அச்சாகப் பொருந்தும். சோலைமுத்து மூடியைத் திறக்க மாட்டான். கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோய், "டீ" என்பான். ஒருநாள், "ஏலக்காய் போட்ட டீ. பால் வாங்கச் சோம்பேறித்தனம்" என்றான். விசாரித்ததில் அது உண்மையாகவே இருந்தது.

மதுப் பிரிவின் தலைவி ராதிகா காதுக்கு இது போயிற்று. சென்னைக்காரர், ஒயினுக்கென்றே வெளிநாட்டில் பரீட்சை எழுதித் தேறியவர். அவர் ஆறு வகை ஒயினை ஆறு கிளாஸில் ஊற்றி வைத்து, இவனைக் கூப்பிட்டு ஒருமுறை மோக்கவிட்டு, பிறகு வரிசையைக் கலைத்தார். இவன் கண்ணை மூடிக்கொண்டு பழைய வரிசைப்படியே அடுக்கி வைத்தான்.

"சோலை, இனிமே நீங்க என்கூட" என்றார் ராதிகா.

அன்றிலிருந்து அவன் வேலை, சுழற்றி, மோந்து, ஒரு வாய் வைத்து, வாளியில் துப்புவது. துப்புவதற்குச் சம்பளம் தரும் நாட்டை அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் என்பதால் அவன் சொல்வதெல்லாம் அந்தப் பாஷையில் இருக்கும். "மேடம், இது மருந்தடிச்சு மறுநாள் மழை பேஞ்ச தோட்டம்" என்பான். ராதிகா அதை நாலு அழகான ஆங்கிலச் சொல்லாக்கி மெனுவில் போட்டுவிடுவார். அதைப் படித்துவிட்டு ஜெர்மன்காரர்கள் இரண்டாவது பாட்டில் சொல்வார்கள். டூட்டி முடிந்தால் கம்பெனி பஸ்ஸில் கல்பா கேம்புக்குத் திரும்புவான். கல்பா ஷார்ஜாவைச் சேர்ந்த இடம். அங்கே மது மாஃபி, கிடையவே கிடையாது. பகலெல்லாம் ஒயினில் வாய் கொப்பளித்தவன், பொட்டுச் சாராயம் இல்லாத ஊரில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாள் ரூமில் கிடந்தான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, சளி விட்டது, கூடவே வாசனையும் விட்டுப்போனது. அவனுக்கு அது உடனே தெரியவில்லை. ரூம்மேட் பாலகுரு, புதுக்கோட்டைக்காரன், லாண்டரியில் இருப்பவன், ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினான்.

"அண்ணே, பால் கெட்டு நாறுது! நீங்க முழு டம்ளரையும் குடிச்சுட்டீங்களே!"

"பசிடா" என்றான் சோலைமுத்து.

அதுதான் முதல் பொய். அதற்குப் பிறகு வந்த பொய்களெல்லாம் இதன் பிள்ளைகுட்டிகள். ஊரிலிருந்து மனைவி ஜோதிமணி ஆள் மூலம் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தாள். போனில் கேட்டாள்.

"பெருங்காயம் தூக்கலா இருக்கோ?"

"இல்லயே, அளவா இருக்கு. வாசம் தூக்குது."

"பெருங்காயமே போடலங்க. வீட்ல தீந்துபோச்சு. போடாம விட்டது தெரியுதான்னு பாக்கத்தான் கேட்டேன். யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க?"

"பாலகுருவுக்கு" என்று ஒப்புக்கொண்டான். செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது எளிதாக இருந்தது.

விசா புதுப்பிக்கும்போது ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். மூக்கைப் பற்றி எந்த அரசாங்கமும் கேட்பதில்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அவனுக்குச் சம்பளம் ரத்தத்துக்கோ நெஞ்சுக்கோ அல்ல. மூக்கு போனது தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். மகள் திண்டுக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் படிப்பை முடிக்கிற வரைக்குமாவது இது வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அவனுடைய திட்டம். திட்டம் என்று சொல்லலாமென்றால்.

ஒருவனிடம் மட்டும் சொன்னான். புஜைரா பழைய மார்க்கெட் அருகே ஏலம், கிராம்பு, அத்தர், பாதாம் விற்கும் கீழக்கரை ராஜிக். வயதில் பத்து வருடம் இளையவன். ஓட்டலுக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதே அவனை நம்பப் போதுமானதாக இருந்தது.

"போன மூக்கு திரும்பி வரும்ண்டு யூடியூப்ல ஒரு டாக்டர் சொல்றாஹ" என்றான் ராஜிக். "நாலு வாசனைய வச்சுக்கிட்டு தெனமும் மோக்கணுமாம். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா அத்தர், யூகலிப்டஸ். நாலும் நம்ம கடையில இருக்கு. ஆனா ஒண்ணு அண்ணே, எதுக்காக மோக்குறீங்கண்டு என்கிட்ட சொல்லாதிய. நான் கிராம்பு விக்கிறவன், நீங்க மோந்து பாக்குறவர். அதோட நிறுத்திக்கிருவோம்."

"சரி பாய்."

"கையில இருக்க அந்த நோட்டையும் எனக்குக் காட்டாதிய."

சொன்ன கையோடு நோட்டை அவனே பிடுங்கிப் படித்தான். அதில் ஓட்டலில் இருக்கும் எல்லா ஒயினுக்கும் புத்தகங்களில் வரும் வர்ணனையைச் சோலைமுத்து எழுதி வைத்திருந்தான். ராஜிக் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான். "ஈரக் கல்லு வாசம்ண்டு எழுதியிருக்காஹ. கல்லுக்கு ஏதுண்ணே வாசம்? இதக் குடிக்க முந்தியே எழுதுனாஹளா, குடிச்சுப்புட்டா?"

வாரத்துக்கு நாலு சாயங்காலம் பாடம் நடந்தது. ராஜிக் கண்ணை மூடச் சொல்லி மூக்கடியில் எதையாவது நீட்டுவான்.

"சொல்லுங்க."

"கிராம்பு." பாடம் எப்போதும் அதில்தான் தொடங்கும்.

"இது?"

சோலைமுத்து நெஞ்சு நிறைய இழுத்தான். ஏதோ ஒன்று தூரத்தில் அசைந்த மாதிரி இருந்தது. "ஏலக்காயா பாய்?"

"என் செருப்பு."

இருவரும் சிரித்தார்கள். ராஜிக் சிரித்து முடித்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பாதாமை அள்ளி அள்ளி அதே பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஓட்டலில் எட்டு மாதம் ஓடியது. மூக்குதான் போயிற்றே தவிர நாக்கு முழுதாகப் போகவில்லை. புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும், துவர்ப்பு தெரியும், தொண்டையில் ஏறும் சூடு தெரியும். மீதிக்கு லேபிள் இருந்தது. லேபிளைப் பார்த்துவிட்டு நோட்டில் இருப்பதைச் சொன்னான். முன்பெல்லாம் ராதிகாவோடு சில சமயம் ஒத்துப்போகாது. இப்போது எப்போதும் ஒத்துப்போயிற்று. மூக்கு இல்லாத காலத்தில்தான் அவனுக்கு 'தவறாத மூக்கு' என்ற பெயர் பக்கத்து ஓட்டல்கள் வரைக்கும் பரவியது.

ஐப்பசியில் தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு ஆள் வந்தார். அவர்கள் ஒயின் ஆறையும் ருசித்துப் பார்த்து, வரும் வருடத்து லிஸ்டில் எவை என்று முடிவு செய்ய வேண்டும். லேபிள் தெரியாதபடி பாட்டில்களைத் தாளில் சுற்றி எண் போட்டு வைப்பார்கள். பெயரைப் பார்த்து யாரும் மயங்கக்கூடாதாம். சோலைமுத்துவுக்குச் செய்தி வந்த அன்று சோறு இறங்கவில்லை. எப்படியும் அவனுக்கு அதன் ருசி தெரிந்திருக்காது.

ஆனால் சுற்றுவதற்கென்று இருந்த பையன் எமர்ஜென்ஸி லீவில் ஊருக்குப் போய்விட்டான். சுற்றுகிறவர் ருசிக்க உட்காரக்கூடாது என்பது விதி. ராதிகா கைகளை விரித்தார்.

"ஆள் இல்ல சோலை. நீங்களே சுத்துங்க, நீங்களே உக்காருங்க. உங்கள நம்பாம யார நம்பறது?"

முருகன் ஒரு வழியாகத் திரும்பிப் பார்த்துவிட்டான் என்றுதான் அவன் நினைத்தான். சாம்பல் நிறத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றினான். ஒன்று, நுரை ஒயின். இரண்டு, இளசான வெள்ளை. மூன்று, மரப்பீப்பாயில் கிடந்த வெள்ளை. நாலு, ரோஜா நிறம். ஐந்து, அந்தத் தோட்டமே பெருமையாகச் சொல்லும் பழைய சிவப்பு. நுரை ஒயினை விட்டால் அதற்கு மட்டும்தான் மரப்பட்டைக் கார்க் அடைப்பான், மற்றதெல்லாம் திருகு மூடி. ஆறு, கடைசியில் குடிக்கும் இனிப்பு. அன்று ராத்திரி நோட்டில் ஆறு பக்கமும் மனப்பாடம் ஆயிற்று. பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் கல்பாவுக்கே வந்திருக்க மாட்டான்.

மறுநாள் பதினோரு மணிக்கு மேஜையைச் சுற்றி ஆறு பேர். ராதிகா, தலைமைச் சமையல்காரர், பக்கத்து ஓட்டல்காரர்கள் இருவர், தோட்டத்து ஆள், சோலைமுத்து. பதவியில் சின்னவர் முதலில் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். பெரியவர் சொன்னதற்குச் சின்னவர் ஒத்து ஊதக்கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் ஏற்படுத்தியது. இந்த மேஜையில் பெரியவர்கள் சின்னவனுக்கு ஒத்து ஊதினார்கள். அவன் எதைச் சொன்னாலும் ஐந்து பேனாக்களும் அதையே எழுதின.

முதல் ஒயினுக்குப் பச்சை ஆப்பிள் என்றான். நாக்கில் குத்துகிற நுரை அவனுக்கே தெரிந்தது. இரண்டாவது பக்கவாட்டில் புளித்தது. எலுமிச்சை, வெட்டிய புல். மூன்றாவது அதைவிட வழவழப்பு, கொழுப்பு கூடின மோர் மாதிரி நாக்கில் படர்ந்தது. வெண்ணெய், வறுத்த முந்திரி என்றான். இரண்டையும் ஒப்பிட்டு, "ரெண்டாவது மீனுக்கு, மூணாவது கோழிக்கு" என்றபோது சமையல்காரர் தலையாட்டினார். நாலாவது சும்மா வெயிலுக்குக் குடிப்பது, ஸ்ட்ராபெர்ரி. எல்லாம் நோட்டின்படி நடந்தது.

ஐந்தாவதைத் தோட்டத்து ஆள் திறந்தார். திறக்கிறவர் கார்க்கை மோந்து பார்க்க வேண்டும். அவர் தன் தாத்தா அந்தக் கொடியை நட்ட கதையைச் சொல்லிக்கொண்டே கார்க்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சோலைமுத்து கிளாஸைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தான். ஒரு வாய் வைத்தான். துவர்த்தது. நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு தடித்தது. துப்பினான்.

"நாவல்பழம் மேடம். கிராம்பு. அடியில புதுத் தோல் வாசம். ரொம்ப நேரம் நிக்குது. இந்த ஆறுல இதுதான் ராஜா."

ராதிகா அதை ஆங்கிலத்தில் சொன்னார். சமையல்காரர் கிளாஸில் மூக்கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு 'கிராம்பு' என்று எழுதினார். பக்கத்து ஓட்டல்காரர்களில் ஒருவர் தன் கைக்குட்டையை மோந்து பார்த்தார். தோட்டத்து ஆளின் காது சிவந்தது. ஆனால் தன் தாத்தாவின் ஒயினைத் தானே குறை சொல்ல எவரால் முடியும்? தவறாத மூக்கு தோல் வாசம் என்கிறதே. அவரும் எழுதினார். ராதிகா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பேனாவைப் பிடித்திருந்தார்.

அந்நேரம் அம்மார் உள்ளே வந்தார். ஓட்டலின் கணக்குப் பிரிவு மேனேஜர், சிரியாக்காரர். பிறந்ததிலிருந்து ஒயினைத் தொட்டதில்லை, தொடுவதாகவும் இல்லை. ராதிகாவிடம் ஒரு கையெழுத்து வாங்க வந்தவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்தினார்.

"யே க்யா பத்பூ ஹை, பாய்?" என்று சோலைமுத்துவைப் பார்த்துக் கேட்டார். இது என்ன நாற்றம்? "ஏசி ஒழுகுதா? நனைஞ்ச அட்டைப்பெட்டி அழுகின மாதிரி."

ஏசி ஒழுகவில்லை. அவர் நாற்றத்தைத் தொடர்ந்து போய், குனிந்து, ஐந்தாம் எண் கிளாஸுக்கு மேலே நின்றார். "இதுதான்" என்றார்.

கார்க் கெட்டுப்போய் ஒயினையும் கெடுத்திருந்தது. நூறு பாட்டிலில் ஒன்று இரண்டு இப்படி ஆகும். தோட்டத்து ஆள் பாக்கெட்டிலிருந்து கார்க்கை எடுத்து மோந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, பெட்டியிலிருந்து அதே சிவப்பில் வேறொரு பாட்டிலைத் திறந்தார். எல்லோருக்கும் பெரிய சிரிப்பு. சேர்ந்து பொய் சொல்லி, சேர்ந்து மாட்டிக்கொண்டவர்களின் சிரிப்பு. "நானும் அப்பவே நெனச்சேன்" என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொன்னார்கள்.

ராதிகா சிரிக்கவில்லை. இரண்டாவது பாட்டிலிலிருந்து ஊற்றி மோந்து பார்த்தார். நாவல்பழம் இருந்தது. கிராம்பு இருந்தது. அடியில் புதுத் தோல். சோலைமுத்து சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

விருந்தினர்கள் போன பிறகு ஒயின் அறைக்குள் அவனைக் கூப்பிட்டார். மூடிபோட்ட கறுப்புக் கோப்பையைக் கொடுத்தார். மூடியில் சின்ன ஓட்டை.

"மோந்து பாருங்க சோலை."

அவன் மோந்தான். அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வெள்ளை மேடம். இளசு. லேசா எலுமிச்சை."

"குழாத் தண்ணி."

சோலைமுத்து கோப்பையை மேஜையில் வைத்தான்.

"எப்பலேருந்து?"

"மாசியில காச்சல் வந்துச்சு மேடம்."

"இப்ப ஐப்பசி."

"ஆமா மேடம்."

"எட்டு மாசம். நீங்க சொன்னத வச்சு நான் ரெண்டு லிஸ்ட் போட்டேன். உங்க பேர் சொல்லி ஹெட் ஆபீஸ்ல பேசினேன்." குரலை அவர் உயர்த்தவே இல்லை. "டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா ரிப்போர்ட் இங்க வரும் மேடம். பிள்ள படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. எந்த டூட்டின்னாலும் பாக்குறேன். துண்டு மடிக்கிறேன்."

ராதிகா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டார். நல்லவர்தான். ஆனால் மூக்கில்லாதவன் எட்டு மாதம் ஒயின் தேர்ந்தெடுத்தான் என்று எழுதினால், அவன் பக்கத்தில் மூக்கோடு உட்கார்ந்திருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார்கள். அவனுடைய வேலையையும் தன்னுடைய பெயரையும் ஒரே வரியில் காப்பாற்றினார்: 'சொந்த வேண்டுகோளின் பேரில் வேறு பிரிவுக்கு மாற்றம்.' காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். இதைவிடப் பெரிய உபகாரம் அவரால் செய்திருக்க முடியாது என்று சோலைமுத்து நினைத்தான். படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு தடவை கும்பிட்டான்.

குளத்தில் ஆள் தேவையில்லை. காலியிடம் இருந்தது ஓட்டலின் அடித்தளத்தில். மூன்று சமையலறைகளின் எண்ணெய்க் கசடும் கழிவுநீரும் வந்து சேரும் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் பிரிவு. அங்கே ஆள் நிற்பதில்லை. நாற்றம் தாங்காமல் மூன்று மாதத்தில் ஓடிவிடுவார்கள். அவனுக்கு முன்பே அங்கே வதந்தி வந்துவிட்டது: சோலைமுத்து ஒயினைத் திருட்டுத்தனமாகக் குடித்து மாட்டிக்கொண்டானாம். அவன் மறுக்கவில்லை. உண்மையைவிட அது பாதுகாப்பாக இருந்தது.

பிரிவின் ஃபோர்மேன் பழனிச்சாமி, தாராபுரத்துக்காரர். முதல் நாளே வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க வாங்க! உங்க மூக்கு எட்டூருக்குப் பேர் போனதாமுங்க! குடிச்சதெல்லாம் கெடக்குது, யாருதான் குடிக்கல. எங்களுக்கு வேண்டியது உங்க மூக்குதானுங்க."

"மூக்கா?"

"ஆமாங்க. இந்தத் தொட்டிக்குள்ள ஒரு கேஸ் வருமுங்க. அழுகின முட்ட வாடை அடிக்கும். லேசா அடிச்சாலே ஒரு நிமிசம் நிக்கக் கூடாது, மேல வந்தரோணும். மோந்துட்டே நின்னா அப்புறம் வாடையே தெரியாதுங்க, ஆளு சாஞ்சுருவான். அளக்கறதுக்கு மீட்டர் இருக்குது. பேட்டரி போயி ரெண்டு மாசமாச்சுங்க, எழுதிப் போட்டிருக்கறேன். அதுவரைக்கும் மூக்குதான் நமக்கு மீட்டர். மொதல்ல நீங்க எறங்கி மோந்து சொல்லுங்க. அப்பறம் இவங்க ரெண்டு பேரும் வரட்டும்."

இரண்டு நேபாளிகள் ரப்பர் பூட்ஸோடு அவனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். சதுர மூடி திறந்திருந்தது. இரும்பு ஏணி இருட்டுக்குள் போயிற்று. பழனிச்சாமி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். சோலைமுத்துவுக்கு அங்கே காற்று வெறும் காற்றாக இருந்தது.

இப்போது சொல்லலாம். சொன்னால் 'அன்ஃபிட்' என்று ஒரு தாள் வரும். காரணக் கட்டம் நிரம்பும். அதோடு ராதிகாவின் பெயரும் வரும். அவன் வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

"இவங்க வேணாங்க. ஒரு ஆளு போதும். நானே அள்ளிப்புடுறேன்."

"தனியாவா? நாலு மணி நேர வேலைங்க!"

"ஆகட்டும். இடுப்புல ஒரு கயிறு கட்டிவிடுங்க. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பேர் சொல்லிக் கூப்பிடணும். நான் பதில் சொல்லலன்னா கேள்வி கேக்காம இழுத்துப்புடுங்க. யாரும் உள்ள எறங்கக் கூடாது."

பழனிச்சாமி மற்ற இருவரையும் பார்த்துக் கண்ணடித்தார். "இத்தன பெரிய மூக்க வச்சுக்கிட்டு என்னங்க இத்தன பயம்?"

"பழக்கமில்லாத எடமுங்க."

கயிறு கட்டினார்கள். அவன் கடப்பாறையையும் வாளியையும் வாங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். பாதி இறங்கியதும் மேலிருந்து பழனிச்சாமி குனிந்தார்.

"வாடை ஏதாச்சும் வருதுங்களா?"

"இல்லீங்க."

இது பொய்யில்லை. அவன் இறங்கிக்கொண்டே இருந்தான். முழங்கால் வரைக்கும் கசடு ஏறியது. வாளியை நிரப்பி மேலே அனுப்பினான், மறுபடி நிரப்பினான். மேலே பழனிச்சாமிக்கு இரண்டு நிமிடத்தில் சலித்துவிட்டது. அவர் போன் பேசப் போனார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேரைக் கூப்பிடும் வேலை நேபாளிகளில் ஒருவனிடம் வந்தது. அவனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

"சோலா பாய்!"

"இருக்கேன்!"

"சோலா பாய்!"

"இருக்கேன்!"

ஒவ்வொரு பதிலுக்கும் சோலைமுத்து கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டான், அந்தப் பக்கம் யாராவது பிடித்திருக்கிறார்களா என்று.